இந்த லோகத்துக்கு மட்டும்

ஹைதராபாத் நாச்சாரம் தொழிற்பேட்டையில் புவியீர்ப்பு ஒழுங்காக வேலை செய்ததற்கு முழுப் பொறுப்பும் ஒரே ஒரு மனிதருடையது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். காலையில் அவருடைய ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டிய பிறகுதான் நாச்சாரத்தில் பொருள்கள் கீழே விழ ஆரம்பிக்கும் என்று எங்கள் வாட்ச்மேன் சத்தியமே செய்வார்.

அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறு எங்கும் இல்லை. தெலுங்குக்காரர்கள் வைத்த பெயர் வேறலோகம். தமிழர்களுக்கும் அது அப்படியே புரிந்துவிட்டதால் மொழிபெயர்க்கும் சிரமம் யாருக்கும் இல்லை. நேரில் சார், முதுகுக்குப் பின்னால் வேறலோகம். ஒருமுறை கூரியர்க்காரர் கேட்டில் நின்று அவருடைய நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, பக்கத்தில் நின்ற இவரே, "அப்படி யாரும் இங்க இல்லியேப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கால் மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து, மல்லாப்பூர் வரைக்கும் ஸ்கூட்டரில் துரத்திக்கொண்டு போய்ப் பார்சலை வாங்கி வந்தார்.

நாங்கள் பிரஷர் கேஜ் செய்பவர்கள். பாய்லர் மேல் கடிகாரம் போல வட்டமாக, ஒற்றை முள்ளோடு ஒன்று இருக்குமே, அதுதான். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அந்த முள் காட்டும். முள் பொய் சொன்னால் பாய்லர் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு கேஜும் வெளியே போகுமுன் கேலிபரேஷன் ரூமுக்குள் போய், சோதனையில் தேறி, சான்றிதழோடுதான் வர வேண்டும். அந்த ரூம் வேறலோகத்தின் ராஜ்யம். அதன் வாசலில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சான்றிதழ் அடித்துக் கொடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்தேன். வீட்டில் கணவருக்கு வேலை போயிருந்த சமயம். எனக்கு ஆறு மாதம் புரொபேஷன். அந்த ஆறு மாதத்தில் தும்மல் வந்தால்கூட அனுமதி கேட்டுத் தும்மும் நிலையில் இருந்தேன்.

முதல் நாளே என்னை நிற்க வைத்துப் பரீட்சை நடத்தினார்.

"இன்னாம்மா, ரெண்டும் ரெண்டும் எவ்ளோ?"

"நாலு சார்."

"எல்லா ஊர்லயும்?"

"ஹவ் சார், எல்லா ஊர்லயும்."

"எல்லா லோகத்துலயும்?"

சிக்கந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. பயத்தில் அதற்கும் "ஹவ் சார்" என்றேன். எங்கள் ஊரில் ஹவ் என்றால் ஆமாம்.

"கரெக்ட். அது கணக்கு. அத்த டெஸ்ட் பண்ணத் தேவல. இப்போ தோ பாரு, இந்த ரப்பர வுட்டா கீழ வுழுது. வேற லோகத்துல வுழுமா?"

"தெரியலை சார்."

"பாஸ்!" என்று மேஜையைத் தட்டினார். "தெரியாதத்த தெரியலன்னு சொல்றவங்கதான் இந்த ரூமுக்கு வேணும். போன பொண்ணு 'விழும் சார்'னு சொல்லிச்சு. எங்கம்மா போய்ப் பாத்தேன்னு கேட்டேன். அழுதுகினே போயிட்சு."

அவருடைய தாத்தா அரக்கோணத்திலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறையாகியும் வீட்டில் அரக்கோணத் தமிழ் ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது. தெருவில் கிடைத்த உருது நாலைந்து சொல் மட்டும் மேலே தாளித்திருந்தது.

வேறு பிரபஞ்சங்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. "இருந்துட்டுப் போட்டும். எனக்கு இன்னா நஷ்டம்?" என்பார். அவருடைய கவலை அதற்கு அடுத்தது. நம்முடைய இயற்பியல் விதிகள் அங்கே செல்லுமா? செல்லும் என்று யார் கையெழுத்துப் போட்டது? வீடியோவில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் வந்து, அங்கே விதிகள் வேறாக இருக்கலாம் என்று ஒருவரும், அப்படி இருக்க முடியாது என்று இன்னொருவரும் பேசுவதைக் கேன்டீனில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பார். பார்த்து முடித்ததும் தீர்ப்பு சொல்வார்: "ரெண்டு பேர்கிட்டயும் டெஸ்ட் ரிப்போர்ட் இல்ல."

இந்தக் கவலை கேன்டீனோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. அது சான்றிதழுக்குள் புகுந்துவிட்டது. எங்கள் சான்றிதழ் எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கும். அதன் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, இந்த முடிவுகள் இந்த லோகத்துக்கு மட்டுமே செல்லும் என்று பொருள்படும் ஒரு வரியை அவர் சேர்த்திருந்தார். எத்தனையோ வருஷமாக அது போய்க்கொண்டிருந்தது. யாரும் சான்றிதழைக் கடைசி வரை படிப்பதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

ஒரே ஒரு முறை ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, அது என்ன ஷரத்து என்று கேட்டாராம். பழைய முதலாளி அப்போது உயிரோடு இருந்தார். "உங்களுக்கு வேற லோகத்துல பிராஞ்ச் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று பதில் வந்தது. "அப்புறம் என்ன?" என்று போனை வைத்துவிட்டாராம்.

வேறலோகத்தின் நியாயம் இதுதான்: "நான் டெஸ்ட் பண்ண லோகம் ஒண்ணு. அதுக்குத்தான் கையெழுத்துப் போட முடியும். மத்ததுக்கும் சேத்துப் போட்டா அது ஃபோர்ஜரிம்மா." முதல் வாரம் சிரித்தேன். இரண்டாவது வாரம் யோசித்துப் பார்த்தேன். மூன்றாவது வாரம் சிரிக்காமல் அந்த வரியை அடித்தேன்.

ரூமுக்கு வெளியேயும் அவர் விதிகளின் ஆள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹப்ஸிகுடா சிக்னலில், நான்கு பக்கமும் ஈ காக்கை இல்லாத நேரத்தில், சிவப்பு விளக்குக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறார். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை.

"ஓ சாப்! கைக்கு ருக்கே? சலோ நா!" எதற்கு நிற்கிறாய், போ என்று கத்தினார்.

இவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கிப் போய், விதி என்றால் என்ன என்று அவருக்கு உருதுவில் விளக்க ஆரம்பித்தார். உடைக்க முடிந்தால் அது விதியே அல்ல, வெறும் வேண்டுகோள்; சிவப்பு விளக்கு ஒரு வேண்டுகோள், புவியீர்ப்புதான் விதி; வேண்டுகோளை மதிப்பது மரியாதை, விதியை மதிப்பதும் மதிக்காததும் நம் கையில் இல்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பாகி, மறுபடி பச்சையாகிவிட்டது. ஆட்டோவில் இருந்த பயணி இறங்கி நடந்தே போய்விட்டாராம். அவர் போன பிறகு ஆட்டோக்காரர் ஒரு கேள்வி கேட்டார் என்றும், அது நல்ல கேள்வி என்றும் வேறலோகம் எங்களிடம் பெருமையாகச் சொன்னார். என்ன கேள்வி என்று கேட்டோம். "அதெல்லாம் அவன் பர்சனல்" என்றுவிட்டார்.

போவன்பள்ளி மொத்த மார்க்கெட் கதை இதைவிடப் பெரிது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் காய் வாங்கப் போனவர், வெல்வெட் பெட்டியில் ஒரு கிலோ பித்தளை எடை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மற்றவர்கள் மார்க்கெட்டுக்குப் பை கொண்டு போவார்கள். இவர் எடை கொண்டு போவார். தக்காளிக்காரரின் எலக்ட்ரானிக் தராசில் இவர் அதை வைத்துப் பார்த்ததும் வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"க்யா சாப், ஹமாரே கோ சோர் சமஜே க்யா?" திருடன் என்று நினைத்தாயா என்று கேட்டுக்கொண்டு தராசுக்கு முன்னால் வந்து நின்றார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தராசு சரியாக ஒரு கிலோ காட்டியது. ஒரு கிராம்கூட இப்படி அப்படி இல்லை. வேறலோகத்துக்கு முகம் சுண்டிவிட்டது. நேர்மையான ஒரு தராசைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு முழு கிரேட் தக்காளி, இருபத்தைந்து கிலோ, பரிகாரமாக வாங்கிவிட்டார். வாங்கியவர் சும்மா வந்தாரா?

"பாய், இதே தக்காளிய, இதே மெஷினத் தூக்கினு போய் டில்லில வச்சா, இருபது கிராம் ஜாஸ்தி காட்டும். அங்க பூமி கொஞ்சம் ஜாஸ்தி இழுக்குது."

தக்காளிக்காரர் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். "ஐஸா ஹை தோ தில்லி மேச் பேச்தே நா சாப்!" டில்லியிலேயே போய் விற்றுவிடலாமே என்று அர்த்தம்.

"நக்கோ, வேணாம். அங்க இருக்கறவன் அவன் மெஷின அங்கியே டெஸ்ட் பண்ணி வச்சிருப்பான். ஊரு மாறினா நம்பரு மாறும், நம்பர சரி பண்ணிக்கினா எங்கியும் ஒரே தக்காளிதான்."

அந்த வாரம் முழுக்க எங்கள் கம்பெனி கேன்டீனில் தக்காளி சாதம், தக்காளி பப்பு, தக்காளி சட்னி. அதன் பிறகு தக்காளி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஆனால் அன்று அவர் தக்காளிக்காரரிடம் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

பழைய முதலாளி போன பிறகு புது மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை. சட்டையில் கசங்கல் இல்லாத, பேச்சில் சுற்றி வளைத்தல் இல்லாத ஒரு தெலுங்கு இளைஞர். முதல் முறையாக ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆர்டரை வாங்கியிருந்தார். முந்நூறு கேஜ்கள், மிகவும் துல்லியமான ரகம். அது நன்றாகப் போனால் அடுத்த ஆர்டர், அதற்கடுத்த ஆர்டர் என்று கம்பெனி நிமிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. அந்த நேரம் பார்த்து வேறலோகம் கண்புரை ஆபரேஷனுக்காக மூன்று வாரம் லீவில் மௌலா அலி பகுதியில் இருந்த தன் வீட்டில் படுத்துவிட்டார்.

சான்றிதழைக் கடைசி வரை படித்த முதல் மனிதர் அந்த மேனேஜர்தான். என்னைக் கூப்பிட்டார்.

"ஏமிட்டண்டி இதி? இந்த லோகத்துக்கு மட்டுமா? ஃபாரின் கஸ்டமருக்கு இதையா அனுப்புறோம்?"

"சார் போடச் சொன்னது சார்."

"லோகம் கீகம்னு இருக்கிற எல்லா வரியும் இன்னைக்கே போயிடணும். ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

புரொபேஷனில் இருப்பவள் நான். சீட்டுக்கு ஓடினேன். சான்றிதழின் அடிவரியை நீக்கினேன். அவர் "எல்லா வரியும்" என்றாரே என்று சோதனைக் கணக்குப் போடும் எக்செல் ஷீட்டிலும் லோகத்தைத் தேடினேன். மேலே ஒரு வரி அகப்பட்டது. 'இந்த லோகம்' என்று தலைப்பு, பக்கத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைந்த ஏதோ ஒரு தசம எண். இதிலுமா என்று தலையில் அடித்துக்கொண்டு அந்த வரியையே அழித்தேன். உடனே ஷீட் முழுக்க எண்கள் மறைந்து பிழைக்குறிகளாக முளைத்தன. எனக்கு வியர்த்துவிட்டது. அழித்த எண் இருந்த இடத்தில் 1 என்று போட்டுப் பார்த்தேன். எல்லா எண்களும் திரும்பி வந்தன. முன்பைவிட அழகாக, தசமம் கிசமம் இல்லாமல், முழு எண்களாக வந்தன. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

அந்த எண் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்கிறேன். கேஜைச் சோதிக்கும் கருவியில், முத்திரை குத்திய எடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அந்த எடை அழுத்தும் அழுத்தத்தைக் கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, அதற்கேற்ப முள்ளைச் சரிசெய்வார்கள். ஆனால் எடை என்பது பூமி இழுக்கிற இழுப்புதானே? உலகத்துக்குப் பொதுவாக வைத்திருக்கும் இழுப்பைவிட ஹைதராபாத்தில் இழுப்பு ஒரு பொட்டுக் குறைவு. நூறு என்று முத்திரை குத்திய எடை இங்கே நூறுக்குக் கால் குறைவாகத்தான் அழுத்தும். அந்தக் கால் அளவைக் கழிப்பதற்குத்தான் அந்த எண். எங்கள் கம்பெனியிலேயே மிக முக்கியமான எண்ணை அந்த மனிதர் எங்கள் கம்பெனியிலேயே மிகக் கோமாளித்தனமான தலைப்பின் கீழ் வைத்திருந்தார்.

வேறலோகம் லீவிலிருந்து திரும்பி வந்த வாரமே வெளிநாட்டிலிருந்து மெயிலும் வந்தது. முந்நூறு கேஜும் நூறு காட்ட வேண்டிய இடத்தில் நூறேகால் காட்டுகின்றன. சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் யார், அவர்மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்து வேறலோகத்துடையது. அவர் லீவில் இருந்தபோது எடையை அடுக்கியவர் ஹெல்பர்; ஆனாலும் ஷீட்டிலேயே படமாக ஒட்டியிருந்த அவருடைய கையெழுத்து தானாக விழுந்துகொண்டிருந்தது.

மேனேஜர் ரூமில் எங்கள் இருவரையும் நிற்க வைத்து ஷீட்டைத் திரையில் திறந்தார். "சார், இது உங்க ஷீட்தானே?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறலோகம் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஒரு இடத்தில் நின்றார். ஒரு நொடி என் பக்கம் திரும்பினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஹவ். என் ஷீட்டுதான். என் தப்புதான்."

"கஸ்டமருக்கு நான் ஏதாவது பதில் சொல்லியாகணும் சார்."

"ரிசைன் பண்ணிட்டாருன்னு சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள லெட்டர் வந்துடும்."

அவருக்கு ரிட்டயர்மெண்டுக்கு ஏழே மாதம் இருந்தது. அந்த ரூமில் முப்பத்தோரு வருஷம் ஒரு முள்கூடப் பொய் சொல்லாமல் பார்த்துக்கொண்ட மனிதர், பொய் சொன்ன முந்நூறு முள்ளோடு வெளியே போகிறார். எனக்கு அப்போதும் விஷயம் புரியவில்லை. பாவம், கண் சரியில்லாமல் எங்கோ தவறவிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ராஜினாமாக் கடிதத்தை டைப் அடிக்க என் சீட்டுக்கே வந்தார். சொல்லச் சொல்ல அடித்தேன். கடைசி வரியாக, "இந்த ராஜினாமா இந்த லோகத்துக்கு மட்டும்" என்று போடச் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

"அப்படி என்னதான் சார் தப்பு அந்த ஷீட்ல?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ அடி."

அவர் அவ்வளவு அவசரமாகச் சொன்னதால் எனக்குச் சந்தேகம் வந்தது. ஷீட்டைத் திறந்தேன். மேலே, தலைப்பில்லாத ஒரு கட்டத்தில், தனியாக ஒரு 1 உட்கார்ந்திருந்தது. ஊரு மாறினா நம்பரு மாறும் என்று தக்காளிக்காரரிடம் அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"சார், இது நான் போட்டது."

"தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அங்க குனிஞ்சி பாத்தப்பவே தெரியும். முழு நம்பரா கீதே. என் ஷீட்டுல முழு நம்பரு வராதும்மா."

"ஏன் சார் சொல்லலை?"

"எனக்கு ஏழு மாசம் கீது. உனக்கு புரொபேஷன் முடிய பதினோரு நாளு கீது. வூட்டுக்காரரும் சும்மா கீறாரு. அந்தாளுக்கு ஒரு லெட்டரு வேணும். யார் லெட்டரா இருந்தா இன்னா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அத்த வுடும்மா. நீ இன்னா பண்ணிக்கீற தெரியுமா? அந்த 1 இன்னா? அது நாச்சாரத்து இழுப்பு இல்ல. மூணு வாரம் இந்த ரூமுக்குள்ள வேற ஒரு லோகத்த நடத்திக்கீற! யாராலயும் முடியாதத்த நீ பண்ணிட்ட. நான் முப்பது வருஷமா கேட்டுகினு கீறேனே, விதி அங்க செல்லுமான்னு. இப்ப ரிசல்ட்டு வந்துட்சு. முந்நூறு கேஜும் ஒரே அளவுக்குப் பொய் சொல்லிக்கீது. ஒண்ணு ஏறல, ஒண்ணு எறங்கல. அப்ப விதி உடையல. நம்பருதான் மாறிக்கீது. விதி செல்லும்மா! எங்க போனாலும் செல்லும்!"

அதைச் சொல்லிக்கொண்டே, ராஜினாமாக் கடிதம் அச்சாகி வந்த தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எனக்குக் கோடு போட்டுக் காட்டினார். ஒரு கோடு இந்த லோகம், பக்கத்தில் இன்னொரு கோடு அந்த லோகம். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நேராகப் போயின.

எனக்கு யார்மேலும் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. வேலையை விட்டுக்கொடுத்துவிட்டு அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட வருத்தப்படாமல் கோடு போட்டுக்கொண்டிருக்கும் மனிதர்மேல் வந்த கோபம். அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். அனுமதி கேட்காமல் உள்ளே போனது அந்த ஐந்தரை மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"சார், அந்த 1 நான் போட்டது. லோகம்னு இருக்கிற எல்லா வரியும் எடுக்கச் சொன்னீங்க. நான் எடுத்தேன். அதுல புவியீர்ப்பும் போயிடுச்சு."

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. முந்தைய ஆர்டருக்குப் போட்ட பழைய ஷீட்டையும் புதிய ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் இன்ஜினியர். இரண்டு நிமிஷத்தில் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தனை முக்கியமான நம்பரை அந்தத் தலைப்புலயா வைக்கிறது? அவரைக் கூப்பிடுங்க!"

வேறலோகம் வந்தார். கேள்வியைக் கேட்டதும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "அது இந்த லோகத்து நம்பரு. இந்த லோகம்னுதான் சார் எழுத முடியும்? வேற இன்னான்னு எழுதறது?"

மேனேஜர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் எங்களைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் கையிலிருந்த ராஜினாமாக் கடிதத்தை வாங்கினார். கடைசி வரியைப் படித்தார். பின்பக்கம் திருப்பி இரண்டு கோடுகளையும் பார்த்தார். பிறகு அதை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, வாடிக்கையாளருக்குத் தானே பதில் எழுதினார். 'என் உத்தரவால் சான்றிதழ் முறையில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது, அதனால் இந்தப் பிழை நேர்ந்தது' என்று தொடங்கியது அந்த மெயில். நான் பக்கத்தில் நின்று படித்தேன். அன்றிலிருந்து அவருடைய கசங்காத சட்டையைப் பற்றி நான் கேலி பேசுவதில்லை.

முந்நூறு கேஜும் திரும்பி வந்தன. வேறலோகமும் நானும் ஒன்பது நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மறுபடி சோதித்தோம். அவர் எடையை அடுக்குவார், முள்ளைப் பார்ப்பார், நான் எழுதுவேன். ஒவ்வொரு கேஜும் அதே கால் அளவு தள்ளி நின்றபோது, "பாத்தியா, பாத்தியா" என்று குதிப்பார். கம்பெனிக்கு வந்த பெரிய சங்கடத்தைத் தன்னுடைய சொந்தத் திருவிழாவாகக் கொண்டாடிய ஒரே ஊழியர் அவர்தான். பத்தாவது நாள் காலையில் மட்டும் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"ராத்திரி யோசிச்சேம்மா. நீ பண்ணது ஒரு லோகம்தான். மத்த லோகமெல்லாம் அப்படியே பாக்கி கீது. எல்லாத்துக்கும் செல்லும்னு நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிக்கிறேன்."

எனக்குப் புரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார்கள். தவறு செய்தவளுக்கு அது குறைந்த தண்டனைதான். ஆனால் வேறலோகம் மேனேஜர் ரூமுக்குப் போய், தானாக வந்து உண்மையைச் சொன்ன கருவிக்கு மறு சோதனை தேவையில்லை என்று அரை மணி நேரம் வாதாடினார். தோற்றுப்போய்த்தான் வந்தார். அந்த எண்ணுக்கு மட்டும் 'ஹைதராபாத் ஈர்ப்புத் திருத்தம்' என்று மரியாதையான தலைப்பு கிடைத்தது. வெளிநாட்டு ஆர்டர் மறுபடி வந்தது.

ஏழு மாதம் கழித்து வேறலோகம் முறையாக ரிட்டயர் ஆனார். மாலை, சால்வை, போட்டோ எல்லாம் நடந்தது. நன்றி சொல்ல எழுந்தவர், "எனக்குத் தெரிஞ்சத்தெல்லாம் ஷீட்டுல கீது, தெரியாதத்தெல்லாம் இந்தம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த மாதமே மனைவியோடு கனடாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அந்த ரூம் என்னுடையது. ஷீட் என்னுடையது. கீழே விழும் கையெழுத்தும் என்னுடையது. எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. யாரும் வந்து எதையும் கேட்பதில்லை. வேலை வேகமாக முடிந்துவிடுகிறது. சில நாள் மூன்று மணிக்கே முடிந்துவிடுகிறது. மூன்று மணிக்கு மேல் அந்த ரூமில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

"இன்னாம்மா, ரூம் எப்படி கீது?"

"நல்லாருக்கு சார். உங்க உடம்பு?"

"இருநூறு கிராம் கூடிட்சும்மா. சாப்பாடு அதே சாப்பாடு. ஸ்பிரிங் மெஷினு நம்ம ஊர்லேர்ந்து தூக்கியாந்தது. இங்க பூமி ஜாஸ்தி இழுக்குது, அவ்ளோதான். டாக்டரு இளைக்கச் சொல்றான். நான் எங்க போய் இளைக்கறது?"

ரூமில் அவருடைய நாற்காலி இன்னும் அப்படியே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வேறு ஒன்றைச் சொன்னேன்.

"இங்க வந்துடுங்க சார். ஏர்போர்ட்ல இறங்கின உடனே குறைஞ்சிடும்."